பொதுஜன வீடு

இங்கிலாந்து தேசத்தில் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை ஒரு விசித்திரமான வீடு உண்டு. அந்த வீட்டில் குடியிருப்பவர் ஒருவர். அதைத் "தங்கள் வீடு" என்று உரிமை கொண்டாடுகிறவர்களோ அந்தப் பேட்டையில் உள்ள அத்தனை பேரும்! கல்யாணம் நடந்தாலும் அங்கே கூடுவார்கள். கருமாதி நடந்தாலும் அங்கேதான். கால்பந்துப் பந்தயத்தில் உள்ளூர்க் கட்சி ஜயித்தாலும் அங்கே போவார்கள்; தோற்றுவிட்டாலோ கட்டாயம் போவார்கள். இந்த வீட்டுக்கு "பப்ளிக் ஹவுஸ்" என்று பெயர். பேச்சில் சிக்கனம் பார்க்கும் ஆங்கிலேயர் அதைச் சுருக்கிப் "பப்" என்று ஆக்கிவிட்டார்கள். நம்முடைய பாஷையில் சொல்வதானால், பொதுஜன வீடு.

"இது என்ன அநியாயம்? மதுக்கடையைப் பற்றியா இந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்று சில நேயர்கள் முகத்தைச் சுளிக்கலாம். அவர்கள் சுளிப்பது நியாயந்தான். 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியபோது, எத்தனை குடிசைகளில் அன்றிரவு அடி உதை இல்லாமல் அடுப்பு எரிந்திருக்கும் என்பதை நாம் மறந்து விடவில்லை. குடியின் பெருமையை விளம்பரம் செய்வது நம்முடைய நோக்கமல்ல. ஆனால் பொதுஜன வீட்டில் விற்பனையாகும் சரக்கு இரண்டு. ஒன்று, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தருவது. மற்றொன்று, அயலாருக்கு மத்தியில் உட்காருவதற்கு ஓர் இடம். இந்த இரண்டாவது சரக்கைப் பற்றித்தான் இங்கே பேச உத்தேசம். "பொதுஜனம்" என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அந்தப் பொதுஜனம் யார்? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காண அந்தத் தேசத்துக்கு எத்தனையோ காலம் பிடித்தது.

முதலில் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம். லண்டன் மாநகரின் வட பாகத்தில், பெரிய வீதியை விட்டு ஒதுங்கிய ஒரு சந்தில், தூறலும் குளிருமாக இருந்த ஒரு மாலை வேளையில் நாம் ஒரு பப்புக்குப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் "வாருங்கள், உட்காருங்கள்" என்று உபசரிக்க யாரும் ஓடி வரவில்லை. ஓட்டல் மாதிரி மேஜையில் உட்கார்ந்து கொண்டு, சர்வர் வருவான் என்று காத்திருந்தால், பொழுது விடிகிற வரையில் காத்திருக்க வேண்டியதுதான். நாமேதான் எழுந்து, கூடத்தின் ஒரு பக்கத்தில் உள்ள நீண்ட மரமேடையண்டை போய் நிற்க வேண்டும். இதிலே ஓர் ஆச்சரியம். பஸ்ஸுக்கும் தபால் முத்திரைக்கும் ஒருவர் பின் ஒருவராய் வரிசை கட்டி நிற்பதில் உலகப் பிரசித்தி பெற்ற அந்த ஜனங்கள், இங்கே மட்டும் வரிசையாக நிற்பதில்லை. மேடை நெடுகப் பரவலாக நிற்கிறார்கள். ஆனாலும் யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்பது மேடைக்கு உட்புறம் நிற்பவருக்கு மனப்பாடம். "அடுத்தது யார்?" என்று அவர் கேட்டால், சற்று முன் வந்தவர் "இவர்தான்" என்று பக்கத்தில் நிற்பவரைக் காட்டுவார். அறிமுகமே இல்லாத ஒருவர் நம்மை அப்படிக் காட்டினார். எழுதப்படாத சட்டத்துக்கு எழுதிய சட்டத்தை விட மதிப்பு அதிகம் என்பதை அங்கே கண்டோம்.

நாம் கேட்டது இஞ்சி பீர். பெயரில் பீர் இருக்கிறதே என்று யாரும் கலங்க வேண்டாம். இஞ்சியின் காரமும் சர்க்கரையும் பொங்கும் நுரையுமாக உள்ள பானகம் அது. நம்மைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு பாட்டியம்மாள் தேநீர் அருந்திக் கொண்டிருந்தாள். அவளுடைய காலடியில் ஒரு நாய் நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. மற்றவர்களிடம் இருந்த பெரிய கிண்ணத்துக்குப் பைண்ட் என்று பெயர். 568 மில்லி லிட்டர், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம் கொள்ளும். ஒரு பைண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒன்றரை மணி நேரம் சீதோஷ்ண நிலையைப் பற்றிப் பேசியதை நாம் நேரில் பார்த்தோம்.

சாப்பாட்டு விஷயத்திற்கு வருவோம். வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீனும் உருளைக் கிழங்கும். ஞாயிற்றுக்கிழமை பகல் என்றால் வாட்டிய மாமிசத்துடன் யார்க்ஷயர் புட்டிங் என்னும் உப்பிய பலகாரம். மரக்கறிக்காரர்களுக்கு அந்த நாளில் கதியாக இருந்தது "உழவன் போஜனம்" என்று அவர்கள் அழைக்கும் தட்டு. ஒரு துண்டு ரொட்டி, ஒரு கட்டிப் பாலாடை, கொஞ்சம் வெங்காயம், ஊறுகாய், அவ்வளவுதான். ஏர் உழுத களைப்போடு நூற்றாண்டுக் கணக்கில் அந்நாட்டுக் குடியானவன் உண்டு வந்த உணவு என்று பெயரைக் கேட்டால் தோன்றும். ரொட்டியும் பாலாடையும் புராதன உணவுகள்தான். ஆனால் அவற்றைத் தட்டில் அடுக்கி, அந்தப் பெயரைச் சூட்டித் தேசமெங்கும் பிரபலப்படுத்தியது பாலாடை வியாபாரத்தை விருத்தி செய்ய ஏற்பட்ட ஸ்தாபனங்கள். அதுவும் 1950-களிலும் 60-களிலுந்தான்! வியாபாரிகள் கெட்டிக்காரர்கள், உழவனுக்கு இந்தப் பெருமையில் ஏதாவது பங்கு கிடைத்ததோ என்னவோ!

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்து வந்தால் ஒவ்வொருவரும் தம் தம் கிண்ணத்துக்குக் காசு கொடுப்பதில்லை. முதல் முறை ஒருவர் நால்வருக்கும் வாங்குவார். அடுத்த முறை இன்னொருவர். இது நோட்டுப் புத்தகம் இல்லாத மொய். தம்முடைய முறை வரும்போது நழுவுகிற ஆசாமியின் பெயர் அந்தப் பேட்டை முழுவதும் கெட்டுப் போகும். முதல் உலக யுத்தத்தின்போது, வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியவர்கள் இந்த மொய்யினால் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று சர்க்கார் கவலை கொண்டது. 1915-ஆம் வருஷத்தில், பிறருக்குக் குடி வாங்கிக் கொடுப்பதே குற்றம் என்று உத்தரவு போட்டார்கள். கணவன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தாலும் குற்றந்தான். சாப்பாட்டோடு சேர்த்து வாங்கினால் மட்டும் மன்னிப்பு உண்டு. யுத்தம் முடிந்த பிற்பாடு அந்த உத்தரவு போயிற்று. ஆனால் அதே யுத்த காலத்தில் ஏற்பட்ட, பிற்பகலில் கதவைச் சாத்தும் வழக்கம் மட்டும் இங்கிலாந்தில் 1988 வரையில் நிலைத்திருந்தது. சர்க்கார் உத்தரவுகளில் எது சாகும், எது சிரஞ்சீவியாகும் என்று யாரால் சொல்ல முடியும்?

பொதுஜன "வீடு" என்பது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. அது உண்மையிலேயே வீடாகத்தான் இருந்தது. 1830-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வரி செலுத்துகிற குடித்தனக்காரர் எவரும் வருஷத்துக்கு இரண்டு கினி கட்டணம் செலுத்திவிட்டுத் தம்முடைய வீட்டிலேயே பீர் விற்கலாம். ஜின் என்னும் கடுஞ்சாராயத்திலிருந்து ஏழைகளை மீட்பதற்குப் பீர்தான் மருந்து என்று அன்றைய மந்திரிகள் நம்பினார்கள்! முள்ளை முள்ளால் எடுக்கும் வைத்தியம். எப்படியானாலும், பலருடைய வீட்டு முன்னறையே கடையாயிற்று. இன்றைக்கும் பப்பை நடத்துகிறவரைக் கடைக்காரர் என்று சொல்வதில்லை. வீட்டுக்காரர் என்று பொருள்படும்படி "லாண்ட்லார்ட்" என்றுதான் சொல்கிறார்கள். அநேகமாக அவர் மாடியிலே குடியிருப்பார். வாடிக்கைக்காரர்கள் கீழே அவருடைய விருந்தாளிகள்.

ஆனால் விருந்தாளிகள் எல்லோரும் ஒரே பந்தியிலா உட்கார்ந்தார்கள்? அதுதான் இல்லை. விக்டோரியா ராணி காலத்துப் பப்புக்குள்ளே ஒரு சிறிய வர்ணாசிரமமே இருந்தது. கூலிக்காரருக்கு மரப் பெஞ்சியும் வெறுந்தரையுமாக ஒரு கூடம். அதற்குப் "பப்ளிக் பார்" என்று பெயர். உத்தியோகஸ்தருக்கும் வர்த்தகருக்கும் கம்பளமும் மெத்தை நாற்காலியும் உள்ள "ஸலூன் பார்". ஒரே பீப்பாயிலிருந்து வரும் ஒரே பீருக்கு ஸலூனில் விலை அதிகம். சில இடங்களில் கனவான்களின் முகத்தைப் பரிமாறுகிறவன்கூடப் பார்க்காதபடி, மேடையின் மேல் சுழலும் கண்ணாடித் திரைகள் வைத்திருந்தார்கள். மரியாதைப்பட்ட ஸ்திரீகளுக்கு "ஸ்னக்" என்ற சின்னஞ் சிறு தடுப்பறை. வீடு பொதுஜனத்தினுடையதுதான், பொதுஜனந்தான் நான்கு துண்டாக இருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் நிறைந்த லண்டன் ஃப்ளீட் வீதியில் எல் வினோ என்று ஒரு பெயர் பெற்ற மதுசாலை இருந்தது. அங்கே ஆடவர்கள் மேடையருகே நின்று பேசலாம். பெண்கள் பின்னறையில் மேஜைக்கு முன் உட்கார்ந்தால்தான் பரிமாறுவார்கள். செய்தி பிறக்கிற இடம் மேடை. பெண் நிருபர்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு பெண் வழக்கறிஞரும் ஒரு பெண் பத்திரிகையாளரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ஆம் வருஷத்தில்தான் அப்பீல் கோர்ட்டார் இந்த வழக்கம் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். இந்தச் சண்டை ஒரு கிண்ணம் திராட்சை ரசத்துக்காக அல்ல, நிற்பதற்கு ஒரு சாண் இடத்துக்காக என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை உண்டு. பர்மிங்ஹாம் நகருக்கு அருகே ஸ்மெதிக் என்று இரும்பு வார்ப்படச் சாலைகள் நிறைந்த ஊர். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பஞ்சாபிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து, உலைக்களத்தில் வெந்து உழைத்தார்கள். பகலெல்லாம் வெள்ளைத் தொழிலாளியும் பஞ்சாபியும் ஒரே உலையின் முன் வியர்வை சிந்துவார்கள். மாலையில் பப்புக்குப் போனால், பல இடங்களில் பஞ்சாபிக்கு இடமில்லை. அல்லது, இந்த அறை உனக்கில்லை, அந்த அறைக்குப் போ என்பார்கள். அவ்தார் சிங் ஜௌஹல் முதலியவர்கள் நடத்திய இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் சளைக்கவில்லை. வெள்ளை நண்பர்களையும் அழைத்துக்கொண்டு கூட்டமாகப் போவார்கள்; இந்தியருக்கு மறுக்கப்பட்டதும் அதற்குச் சாட்சியம் சேகரிப்பார்கள். 1965-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி, அமெரிக்க நீக்ரோ ஜனங்களின் தலைவர் மால்கம் எக்ஸ் அவர்களுடைய அழைப்பின் பேரில் ஸ்மெதிக்குக்கு வந்தார். "ப்ளூ கேட்ஸ்" என்ற பப்புக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். அந்த அறையில் அவர்களுக்குப் பரிமாறுவதற்கில்லை என்ற பதில் கிடைத்தது. ஒன்பது நாளைக்கெல்லாம் நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மால்கம் எக்ஸ் இஸ்லாமியர். மதுவைக் கையால் தொடாதவர். குடிக்காத மனிதர் ஒருவர் குடிக்கிற இடத்தில் இடம் கேட்டு நின்றது ஏன்? அவர் கேட்டது பீர் அல்ல. "பொதுஜனம்" என்ற சொல்லுக்குள் தமக்கும் இடம் உண்டா என்று கேட்டார். அதே வருஷம் பார்லிமெண்டு, பொது இடங்களில் நிறத்தையும் இனத்தையும் காரணமாகக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. அந்தப் பொது இடங்களில் பப்பும் சேர்ந்தது.

இந்த இடத்தில் நாம் நெஞ்சை நிமிர்த்திக் கொள்ளலாம். ஏனென்றால், கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஜாதி, மதம், இனம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950-ஆம் வருஷத்திலேயே நமது அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்தில் எழுதி வைத்துவிட்டோம். பிரிட்டிஷாருக்குப் பதினைந்து வருஷம் முந்திக் கொண்டோம். நிமிர்த்திய நெஞ்சை உடனே சற்றுத் தாழ்த்தவும் வேண்டும். ஒரு சாராருக்கு உள்ளறையும் மற்றவர்களுக்கு வெளித் திண்ணையுமாக நடந்த காபி கிளப்புகளும், ஆளுக்கு ஆள் வேறு தம்ளர் வைத்த டீக்கடைகளும் நமக்குத் தெரியாதவை அல்லவே! எழுதிய சட்டம் எழுதாத சட்டத்தை வெல்வதற்கு நாள் பிடிக்கும். பிறத்தியார் வீட்டுத் தடுப்புச் சுவர் நம்முடைய கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

தடுப்புச் சுவர்கள் இடிந்து, கதவு எல்லோருக்கும் திறந்தாயிற்று. இனிப் பொதுஜன வீடு நிறைந்து வழிய வேண்டியதுதானே? நடந்தது நேர் விரோதம். 2000-ஆம் வருஷத்தில் பிரிட்டனில் ஏறக்குறைய 60,000 பப்புகள் இருந்தன; கால் நூற்றாண்டுக்குள் அவற்றின் தொகை 45,000-க்கு வந்துவிட்டது. காரணங்கள் பல. பெரிய கடைகளில் பீர் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது. வரியும் வாடகையும் ஏறிவிட்டன. 2007 ஜூலை முதல் இங்கிலாந்தில் உள்ளே புகை பிடிக்கத் தடை வந்தது. அது நுரையீரலுக்கு நன்மை, வியாபாரத்துக்குச் சில இடங்களில் நஷ்டம். 2020 மார்ச்சில் கொள்ளை நோய்க்காகச் சர்க்காரே எல்லாப் பப்புகளையும் மூடச் சொன்னது. இவற்றோடு நிலத்தின் விலை. பீர் விற்று வரும் லாபத்தைக் காட்டிலும், கட்டடத்தை இடித்து அடுக்கு வீடு கட்டினால் வரும் லாபம் பெரிது.

லண்டனில் மெய்டா வேல் பகுதியிலுள்ள கார்ல்டன் டாவர்ன் என்ற பப்புக்கு இதுதான் நேர்ந்தது. அந்த இடத்தில் அடுக்கு வீடு கட்ட அநுமதி கேட்டார்கள். நகர சபையார் மறுத்தார்கள். கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் யோசனை நடந்து கொண்டிருக்கும்போதே, 2015 ஏப்ரலில் ஒரு நாள், யாரையும் கேளாமல் இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்துத் தள்ளிவிட்டார்கள். இடித்தது இடித்ததுதானே, இனி என்ன செய்ய முடியும் என்று சொந்தக்காரர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் பேட்டை ஜனங்கள் விடவில்லை, சபையாரும் விடவில்லை. முன்பு இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கட்டினார்கள். 2021 ஏப்ரலில் கதவு மறுபடி திறந்தது.

கிராமங்களில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். கம்ப்ரியா மாகாணத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சிற்றூர். அங்கேயுள்ள "ஓல்ட் கிரௌன்" என்ற பப்பை 2003-ஆம் வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கூட்டுறவு முறையில் வாங்கிவிட்டார்கள். 2011-ல் வந்த ஒரு சட்டம், ஊராருக்கு வேண்டிய கட்டடம் என்று பதிவு செய்யப்பட்ட இடம் விலைக்கு வந்தால், ஊரார் பணம் திரட்டுவதற்கு ஆறு மாதம் அவகாசம் கொடுக்கிறது. கடை என்று நினைத்திருந்தால் மூடியவுடன் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். வீடு என்று நினைத்ததனால்தான் விலை கொடுத்து மீட்டிருக்கிறார்கள்.

ஸ்மெதிக்கிலும் வெஸ்ட் பிராம்விச்சிலும் நடந்ததுதான் இவை எல்லாவற்றிலும் நமக்கு மிகவும் ருசித்தது. உள்ளே விடாத பப்புகளைப் பஞ்சாபிகள் ஒவ்வொன்றாகத் தாங்களே எடுத்து நடத்தத் தலைப்பட்டார்கள். அவற்றுக்குத் "தேசி பப்" என்று பெயர் வழங்கி வருகிறது. தந்தூரி அடுப்பில் சுட்ட கோழியும் கபாபும் வெங்காயத்தோடு இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு மேஜைக்கு வருகின்றன. சுற்றுப்புறத்துப் பழைய பப்புகள் பல பூட்டிக் கிடக்க, இந்த இடங்களில் வெள்ளைக்காரக் குடும்பங்களும் பஞ்சாபிக் குடும்பங்களும் அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்து ஒரே தட்டு உணவைச் சாப்பிடுகின்றன. எந்த இனத்தாரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்த இனத்தார் இன்று மேடைக்கு உட்புறம் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, "அடுத்தது யார்?" என்று விசாரிக்கிறார்கள். யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்பதைத் தவிர அங்கே வேறு கணக்குக் கிடையாது.